ஆண்டுக்கு 1.8 மீட்டர்: லேஜியோஸ் பாதைகளில் பொதுச் சார்பியலைத் தேடுவது

பூமி தன் அச்சில் சுழலும்போது, தன்னைச் சுற்றியுள்ள வெளி-காலத்தையும் மிக மிகச் சிறிய அளவில் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. பொதுச் சார்பியலிலிருந்து வரும் இந்த முடிவை 1918-இல் யோசெப் லென்சே, ஹான்ஸ் தீரிங் என்ற இரண்டு ஆஸ்திரியர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பூமியைச் சுற்றும் ஒரு செயற்கைக்கோளின் பாதைத் தளம், பூமி சுழலும் திசையிலேயே மெல்லத் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கணக்கு சொல்வது. இதைச் சுழற்சி இழுப்பு அல்லது லென்சே-தீரிங் விளைவு என்பார்கள். தரையிலிருந்து வரும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் லேஜியோஸ் செயற்கைக்கோளுக்கு அந்தத் திருப்பம் ஆண்டுக்கு 30.7 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு). பாதையின் ஆரம் 12,270 கி.மீ. என்பதால், தூரக் கணக்கில் இது ஆண்டுக்கு 1.8 மீட்டர்.

லேசர் துடிப்பை அனுப்பித் தொலைவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் நிலையங்கள் இருக்கும்போது 1.8 மீட்டர் எம்மாத்திரம் என்று தோன்றும். அளப்பது உண்மையில் சிரமமே இல்லை. அதே பாதைத் தளம், பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால், ஆண்டுக்கு 125 பாகை திரும்புகிறது. அதாவது 45 கோடி மில்லி ஆர்க்செகண்ட். நாம் தேடுவது அதில் 30.7. ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு. இந்தப் பெரிய எண்ணை எப்படி ஒழிப்பது என்பதுதான் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையின் வேலை. என்னைக் கேட்டால், இந்த அளவீட்டின் அழகு லேசரில் இல்லை, பாதைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது.

எந்தச் செயற்கைக்கோள்கள், ஏன் கோள வடிவம்

லேஜியோஸ் 1976 மே 4 அன்று நாசா ஏவியது. 60 செ.மீ. விட்டம், 407 கிலோ எடை, மேற்பரப்பில் 426 கனமூலைப் பிரதிபலிப்பான்கள். உள்ளே பித்தளை, வெளியே அலுமினியம். மின்கலம் கிடையாது, ஆன்டெனா கிடையாது, எஞ்சின் கிடையாது. வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவது ஒன்றுதான் அதன் வேலை. 1992 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து இத்தாலிய விண்வெளி நிறுவனத்தின் லேஜியோஸ் 2 விடப்பட்டது. கிட்டத்தட்ட அதே கோளம்தான். ஆனால் முதலாவதன் பாதைச் சாய்வு (பூமத்தியத் தளத்தோடு பாதைத் தளம் செய்யும் கோணம்) 109.8 பாகை, இரண்டாவதன் சாய்வு 52.6 பாகை.

கோள வடிவத்துக்கும் கனத்துக்கும் காரணம் இருக்கிறது. சூரிய ஒளி ஒரு பொருளைத் தள்ளும் விசை அதன் பரப்பைப் பொறுத்தது. அந்த விசை தரும் முடுக்கம் பரப்பை எடையால் வகுத்த எண்ணைப் பொறுத்தது. லேஜியோஸுக்கு அந்த எண் கிலோவுக்கு 7 சதுர செ.மீ. மட்டுமே. சூரியத் தகடுகளை விரித்துக்கொண்டு போகும் சாதாரண செயற்கைக்கோளுக்கு இது பல மடங்கு அதிகம். தகடு திரும்பத் திரும்ப விசையும் மாறும். கோளம் எப்படித் திரும்பினாலும் ஒரே முகம்தான் காட்டும். 2012 பிப்ரவரி 13-இல் வேகா ஏவூர்தியின் முதல் பயணத்தில் போன லாரெஸ் இந்த யோசனையைக் கடைசி வரை கொண்டுபோனது. டங்ஸ்டன் கலவையில் ஒரே துண்டாகக் கடைந்த கோளம் அது. விட்டம் 36.4 செ.மீ. மட்டும், எடை 387 கிலோ. பரப்பு-எடை விகிதம் லேஜியோஸில் பாதிக்கும் குறைவு. ஒரே துண்டாக இருப்பதால் வெப்பம் உள்ளே சீராகப் பரவுகிறது. இது ஏன் முக்கியம் என்று பிறகு பார்க்கலாம்.

ஏறுகணுவா, அண்மைப்புள்ளியா

பாதையின் எந்த உறுப்பைப் பார்ப்பது என்பது முதல் முடிவு. பொதுச் சார்பியல் பாதையின் அண்மைப்புள்ளியையும், அதாவது பாதை பூமிக்கு மிக அருகே வரும் இடத்தையும், நகர்த்துகிறது. புதன் கோளில் பார்த்த அதே விளைவு. லேஜியோஸ் 2-இல் அது ஆண்டுக்கு சுமார் 3,352 மில்லி ஆர்க்செகண்ட். சுழற்சி இழுப்பு தரும் பாதைத் தளத் திருப்பத்தைவிட நூறு மடங்கு பெரிது. ஆனால் பாதை ஏறக்குறைய வட்டமாக இருப்பதால் அண்மைப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதே மங்கலான விஷயம். மையப்பிறழ்வு, அதாவது பாதை வட்டத்திலிருந்து விலகும் அளவு, 0.0135. அதை ஆரத்தால் பெருக்கினால் 165 கி.மீ. அளவு ஒரு கை நீளம்தான் கிடைக்கிறது. 3,352 மில்லி ஆர்க்செகண்ட் அந்தக் கையின் முனையில் 2.7 மீட்டராகத் தெரியும். சுழற்சி இழுப்பால் அண்மைப்புள்ளிக்கு வரும் பங்கு ஆண்டுக்கு சுமார் 57 மில்லி ஆர்க்செகண்ட். அது அதே முனையில் 4.6 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். லேஜியோஸ் 1-இன் மையப்பிறழ்வு 0.0045 என்பதால் அங்கே இந்த முயற்சிக்கே இடமில்லை. போதாததற்கு, வெப்பமும் சூரிய ஒளியும் தரும் தள்ளல்கள் அண்மைப்புள்ளியைத்தான் அதிகம் கெடுக்கும்.

ஏறுகணுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பூமத்தியத் தளத்தைச் செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் புள்ளி அது. பாதை வட்டமானாலும் அது தெளிவாக இருக்கும். கை நீளம் முழு ஆரம். பாதைத் தளத்துக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசைகள் மட்டுமே அதை நகர்த்தும்; அப்படிப்பட்ட ஈர்ப்பில்லா விசைகள் கோளத்துக்குக் குறைவு. 1998-இல் இத்தாலிய இயற்பியலாளர் இக்னாசியோ சூஃபோலினியும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவில் லேஜியோஸ் 2-இன் அண்மைப்புள்ளியையும் சேர்க்க வேண்டியிருந்தது, அன்றைய ஈர்ப்பு மாதிரிகள் அவ்வளவு மோசம். அதன் பிழை 20% என்று சொல்லப்பட்டது. அந்தக் கணக்கில் அண்மைப்புள்ளியின் பங்கு எனக்கு இன்றும் திருப்தி தருவதில்லை. 2004-க்குப் பிறகு வந்த வேலைகள் கணுக்களை மட்டும் நம்பியவை. படிக்க வேண்டியவை அவைதான்.

ஜே2 என்ற சுவர்

பூமியின் புடைப்பைக் குறிக்கும் எண் ஜே2. கணக்கில் அதைச் சீராக்கிய வடிவத்தில் சி20 என்று வைப்பார்கள், மதிப்பு சுமார் 4.84 × 10⁻⁴. இதில் 10⁻¹⁰ அளவு பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒன்றுமில்லாத பிழை. ஆனால் விகிதத்தில் அது 2 × 10⁻⁷. 45 கோடியோடு பெருக்கினால் ஆண்டுக்கு 93 மில்லி ஆர்க்செகண்ட். தேடும் பொருளைப் போல மூன்று மடங்கு பிழை, ஒரே எண்ணிலிருந்து.

சி20-ஐ இன்னும் நன்றாக அளந்தால் போதாதா? இங்கே ஒரு சுழல் இருக்கிறது. சி20-ஐ மிகத் துல்லியமாகத் தருவதே லேஜியோஸ் போன்ற கோளங்களின் கணு நகர்வுதான். 2002-இல் ஏவிய கிரேஸ் இரட்டைக்கோள்கள் ஈர்ப்புப் புலத்தின் மற்ற எல்லா உறுப்புகளையும் அருமையாக அளந்தன. ஆனால் சி20-இல் மட்டும் தடுமாறின. அதனால் கிரேஸ் தரவைப் பயன்படுத்துபவர்கள் சி20-ஐ லேசர் அளவீட்டிலிருந்து எடுத்து மாற்றிவைப்பது வழக்கமாகிவிட்டது. லேசர் அளவீட்டிலிருந்து சி20-ஐ எடுத்தவர் தன் கணக்கில் லென்சே-தீரிங் விளைவை ஏற்கெனவே சேர்த்திருந்தால், அந்த சி20-ஐ வைத்து அதே விளைவைச் சோதிப்பது நாமே ஒளித்து வைத்ததை நாமே கண்டுபிடிப்பது. ஆகவே லேஜியோஸ் தரவு கலக்காத, கிரேஸ் மட்டும் தந்த மாதிரியை எடுக்க வேண்டும். அதில் சி20 பலவீனம் என்பதால், சி20 கணக்கிலேயே வராதபடி செய்ய வேண்டும்.

செய்வது எளிது. லேஜியோஸ் கணு நாளுக்கு +0.343 பாகை கிழக்கே போகிறது. லேஜியோஸ் 2 கணு நாளுக்கு 0.631 பாகை மேற்கே போகிறது. இரண்டுக்கும் காரணம் அதே ஜே2. இரண்டாவதை சுமார் 0.54 என்ற எண்ணால் பெருக்கி முதலாவதோடு கூட்டினால், ஜே2-இன் பங்கு, அதன் பிழையோடு, காலத்தோடு அது மாறும் அளவோடு, சந்திரன் தரும் 18.6 ஆண்டு அலையோடு, எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சுழற்சி இழுப்பு மட்டும் அடிபடாது. சாய்வு எதுவானாலும் அது கணுவைக் கிழக்கு நோக்கித்தான் நகர்த்தும். 30.7-ம், 31.5-இல் 0.54 பங்கும் கூடி ஆண்டுக்கு சுமார் 48 மில்லி ஆர்க்செகண்ட் மிஞ்சும். சூஃபோலினியும் எரிகோஸ் பாவ்லிஸும் 2004-இல் பெற்ற விடை 47.9. பிழை 10% என்று அறிவித்தார்கள்.

மிச்சமிருந்த எதிரி ஜே4, பூமியின் வடிவத்தில் புடைப்புக்கு அடுத்த நுண்ணிய விலகலைக் குறிக்கும் எண். லாரெஸ் வந்த பிறகு மூன்று கணுக்கள் கிடைத்தன. ஆகவே ஜே2, ஜே4 இரண்டையும் ஒழிக்கலாம். பெருக்கு எண்கள் லேஜியோஸ் 2-க்கு 0.344, லாரெஸுக்கு 0.073. சரிபார்த்துப் பாருங்கள்: லாரெஸ் கணு நாளுக்கு 1.71 பாகை மேற்கே போகிறது, 0.343-இலிருந்து 0.344 × 0.631-ஐயும் 0.073 × 1.71-ஐயும் கழித்தால் ஏறக்குறைய பூஜ்ஜியம். லாரெஸின் சுழற்சி இழுப்பு ஆண்டுக்கு 118 மில்லி ஆர்க்செகண்ட். கூட்டினால் எதிர்பார்க்கும் மொத்தம் 50.2. லாரெஸ் வெறும் 1,450 கி.மீ. உயரத்தில் இருப்பதால் ஜே6, ஜே8 போன்ற மேல்படி உறுப்புகளைக் கூடுதலாக உணரும். அது இந்த ஏற்பாட்டின் விலை. 2016-இல் வந்த விடை, கொள்கை மதிப்பில் 0.994 பங்கு. சரிவுக்கோட்டின் புள்ளியியல் பிழை 0.002, மாதிரிகளின் குறைகளால் வரும் அமைப்புசார் பிழை 0.05. இரண்டுக்கும் இடையே 25 மடங்கு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். கோடு எவ்வளவு நேராக விழுந்தது என்பதை வைத்து துல்லியத்தைப் பேசக் கூடாது. 2019-இல் அதே குழு 2% பிழையோடு 0.991 என்றது. அமைப்புசார் பிழையை இந்தக் குழு குறைத்து மதிப்பிடுகிறது என்று இன்னொரு இத்தாலிய இயற்பியலாளர் லொரென்சோ யோரியோ பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். அவர் எழுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை நியாயமானவை என்பது என் கருத்து. லாரெஸ் 2 தேவைப்பட்டதே அதனால்தான்.

தரையில்: ஒரு துடிப்பின் கணக்கு

நிலையம் 532 நானோமீட்டர் பச்சை லேசரில் சில பத்து பிகோவிநாடி நீளமுள்ள துடிப்பை அனுப்புகிறது. தலைக்கு நேர் மேலே லேஜியோஸ் இருந்தால் போய் வர 39 மில்லிவிநாடி. திரும்பி வருவது பெரும்பாலும் ஒரே ஒரு ஃபோட்டான், சில சமயம் சில ஃபோட்டான்கள். ஒரு பிகோவிநாடி தவறினால் தொலைவில் 0.15 மி.மீ. தவறு. ஒற்றைத் துடிப்பின் சிதறல் ஒரு செ.மீ. அளவில் இருக்கும், 120 விநாடித் துண்டுகளாகச் சேர்த்துச் சராசரி எடுத்த இயல்புப் புள்ளியில் அது மில்லிமீட்டராகிவிடும். பொதுவெளியில் கிடைப்பது இந்த இயல்புப் புள்ளிகள்தான்.

எங்கே கெட்டுப்போகும்? காற்று மண்டலம் நேர் மேல் திசையில், கடல் மட்டத்தில், சுமார் 2.4 மீட்டர் தாமதத்தைச் சேர்க்கிறது. அது அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்பதால், பாரோமீட்டர் 1 ஹெக்டோபாஸ்கல் தவறினால் தொலைவு 2.4 மி.மீ. தவறும். 20 பாகை ஏற்றத்தில் அது மூன்று மடங்கு ஆகும். பாரோமீட்டர் இருக்கும் உயரத்துக்கும் தொலைநோக்கியின் அச்சு வெட்டும் புள்ளிக்கும் 8 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே கிட்டத்தட்ட 1 ஹெக்டோபாஸ்கல் வந்துவிடும். எனவே கருவி எந்த மாடியில் மாட்டியிருக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துத் திருத்த வேண்டும். நிலையக் கடிகாரம் உலக நேரத்திலிருந்து 100 நானோவிநாடி விலகினால், விநாடிக்கு 5.7 கி.மீ. வேகத்தில் போகும் செயற்கைக்கோள் அரை மில்லிமீட்டருக்கும் சற்று மேல் நகர்ந்திருக்கும். ஒரு மைக்ரோவிநாடி என்றால் 5.7 மி.மீ. இது பாதையோரமான பிழை என்பதால் கணுவுக்கு நேரடித் தீங்கு குறைவு, ஆனால் பொருத்தத்தைக் கெடுக்கும்.

இன்னொன்று, ஒளி திரும்புவது கோளத்தின் மையத்திலிருந்து அல்ல, மேற்பரப்புக்கு அருகே உள்ள கண்ணாடிகளிலிருந்து. லேஜியோஸுக்கு இந்தத் திருத்தம் சுமார் 251 மி.மீ. என்று பழைய கையேடுகளில் இருக்கும். ஒற்றை ஃபோட்டான் முறையில் வேலை செய்யும் நிலையத்துக்கு அது 242 வரை இறங்கும். எல்லா நிலையங்களுக்கும் ஒரே எண்ணைப் போடுவது தொடக்கநிலையில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். நிலையவாரி, காலவாரி அட்டவணை இருக்கிறது, அதை எடுக்க வேண்டும். பூமியின் ஈர்ப்பில் ஒளியே தாமதப்படுவதையும் மறக்கக் கூடாது. நேர் மேல் திசையில் ஒருவழித் தொலைவில் அது சுமார் 6 மி.மீ. சார்பியலை அளக்கப் புறப்பட்டவர் சார்பியல் திருத்தத்தையே விட்டுவிட்டால் அளவு சட்டென்று காட்டிக் கொடுத்துவிடும்.

ஏன் மில்லிமீட்டருக்கு இவ்வளவு கவலை? சாய்வுக் கோணத்தின் வழியாக. லேஜியோஸின் சாய்வில் 1 மில்லி ஆர்க்செகண்ட் தவறு இருந்தால், ஜே2 வழியே கணுவில் ஆண்டுக்கு 6 மில்லி ஆர்க்செகண்ட் தவறு பிறக்கும். சுழற்சி இழுப்பில் 1% துல்லியம் வேண்டுமென்றால் சாய்வை 0.05 மில்லி ஆர்க்செகண்டுக்குள் பிடிக்க வேண்டும். அந்த உயரத்தில் அது 3 மி.மீ. நிலையங்கள் பெரும்பாலும் வட அரைக்கோளத்தில் இருக்கின்றன. காற்றுத் திருத்தத்தில் ஒருபக்கமான பிழை இருந்தால் அது சாய்வாக வேடம் போடும். ஆஸ்திரேலியாவின் யாரகாடி, தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்தூக் போன்ற தெற்கு நிலையங்களின் தரவு இதற்காகவே விலைமதிப்பற்றது.

பொருத்தும் வேலை

நாசாவின் ஜியோடின், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் யுடோபியா, ஜெர்மனியின் ஈபாஸ் ஆகிய மூன்று மென்பொருள்களும் இந்த ஆய்வுகளில் தனித்தனியே பயன்பட்டவை. முறை ஒன்றுதான். பத்துப் பதினைந்து ஆண்டுத் தரவை 15 நாள் துண்டுகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டிலும் தொடக்க இடமும் வேகமும், சூரிய ஒளித் தள்ளலின் குணகமும், தேவைப்பட்டால் நிலையங்களின் மாறாத தொலைவுப் பிழைகளும் பொருத்தப்படும். விசைப் பட்டியலில் ஈர்ப்புப் புலம், சூரியன், சந்திரன், கோள்கள், சந்திர, சூரிய ஈர்ப்பால் திடப் புவியிலும் கடலிலும் எழும் அலை (ஓதம்), சூரிய ஒளி, பூமியிலிருந்து எதிரொளிக்கும் ஒளி, வெப்பத் தள்ளல், சார்பியலின் முதல் பகுதி எல்லாம் இருக்கும். லென்சே-தீரிங் மட்டும் வேண்டுமென்றே வெளியே. சூரியனைச் சுற்றிப் பூமி போவதால் வரும் ஆண்டுக்கு 17.6 மில்லி ஆர்க்செகண்ட் கணு நகர்வும் உள்ளே இருக்க வேண்டும். அதை விட்டால் விடை பாதிக்கு மேல் தவறும்.

முதல் துண்டின் பாதையை அடுத்த துண்டின் தொடக்க நொடி வரை ஓட்டி, அங்கே அடுத்த துண்டு தரும் கணுவோடு ஒப்பிடுகிறோம். 15 நாளில் சுழற்சி இழுப்பு 1.26 மில்லி ஆர்க்செகண்ட், அதாவது 7.5 செ.மீ. இடைவெளியை உண்டாக்கும். அந்த இடைவெளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு சரிவுக்கோடு எழும். அதன் மேல் அலைகளும் இருக்கும். லேஜியோஸ் கணு ஒரு சுற்று வர 1,050 நாள், லேஜியோஸ் 2 கணு 570 நாள் எடுத்துக்கொள்கின்றன. கே1 என்ற ஓத அலையின் பிழை இந்தக் காலங்களில்தான் வந்து உட்காரும். தரவு நீளம் 1,050 நாளின் முழு மடங்குக்கு அருகில் இருந்தால் சரிவு கெடாது. இரண்டரை ஆண்டுத் தரவோடு நிறுத்தியவர் அலையின் ஒரு பகுதியைச் சரிவு என்று எண்ணிக்கொள்வார்.

ஏன் முழுக் காலத்தையும் ஒரே ஓட்டமாகக் கணக்கிடக் கூடாது? லேஜியோஸின் பாதை நாளுக்கு 1.1 மி.மீ. சுருங்குகிறது. ஆண்டுக்கு 40 செ.மீ. பாதை ஆரத்தில் 1 மி.மீ. மாறினால் கணு வேகம் ஆண்டுக்கு 0.13 மில்லி ஆர்க்செகண்ட் மாறும் என்பதால், ஓராண்டின் சுருக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் கணு வேகமே 50 மில்லி ஆர்க்செகண்ட் பிசகியிருக்கும். குறுந்துண்டுகளில் ஆரம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்தப்படுவதால் இந்தக் கேடு சேராது.

அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் காற்று மட்டும் அல்ல என்பது தனிச் சுவையான விஷயம். பூமியின் அகச்சிவப்பு வெப்பத்தைக் கண்ணாடிகள் உறிஞ்சி, சற்றுத் தாமதமாக வெளியிடுகின்றன. அந்தத் தாமதத்துக்குள் கோளம் பாதையில் நகர்ந்துவிடுவதால் வெளியேறும் வெப்பம் ஒரு மெல்லிய தடையாகிறது. டேவிட் ரூபின்கம் 1980-களில் இதை விளக்கினார். முடுக்கம் 10⁻¹² மீ/வி² அளவு. சுழற்சி இழுப்பு தரும் முடுக்கமே 10⁻¹¹ அளவுதான் என்பதால் அலட்சியப்படுத்த முடியாது. கோளம் சுழலும் அச்சைத் தெரிந்துகொண்டால்தான் வெப்பத் தள்ளலைக் கணக்கிட முடியும். உலோகக் கோளம் பூமியின் காந்தப்புலத்தில் சுழலும்போது சுழல் மின்னோட்டம் பிறந்து சுழற்சியை மெல்ல நிறுத்துகிறது. நின்ற பிறகு அச்சு தாறுமாறாகப் போகும். லாரெஸை ஒரே துண்டாகச் செய்ததன் பயன் இங்கேதான்.

இனி, விளைவையே விழுங்கிவிடும் மூன்று பொறிகள்.

பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக, சுற்றுக்கு ஒருமுறை வரும் அனுபவ முடுக்கத்தை, அதாவது காரணம் சொல்லாமல் பொருத்தத்துக்காகச் சேர்க்கும் முடுக்கத்தை, பொருத்த விடுவது. தொலைவு எச்சங்கள், அதாவது அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசங்கள், அழகாகக் குறையும். கூடவே சுழற்சி இழுப்பும் காணாமல் போகும். பாதையோர அனுபவ முடுக்கம் பரவாயில்லை, செங்குத்து முடுக்கம் கூடவே கூடாது.

பூமியின் சுழற்சி நேரத்தையோ நாளின் நீளத்தையோ பொருத்துவது. தரையிலிருந்து பார்க்கும்போது கணு கிழக்கே நகர்வதும் பூமி சற்று மெதுவாகச் சுழல்வதும் ஒன்றேபோல் தெரியும். 30.7 மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஆண்டுக்கு 2 மில்லிவிநாடி, நாளுக்கு 5.6 மைக்ரோவிநாடி. நாளின் நீளத்தை அந்த அளவு நகர்த்த மென்பொருளை அனுமதித்தால் விளைவு முழுவதும் அதற்குள் போய்விடும். தொலைதூரக் குவேசார்களை ரேடியோ தொலைநோக்கிகளால் பார்த்துப் பெற்ற சுழற்சி நேரத்தை எடுத்து அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். அந்த அளவீடு செயற்கைக்கோள்களைச் சாராதது.

மூன்றாவது, ஓத அலைக் கணக்கின் மரபு. சூரியனும் சந்திரனும் பூமியை நிரந்தரமாகச் சற்று நீட்டி வைத்திருக்கின்றன. அந்த நிலையான பகுதி சி20-க்குள் சேர்ந்திருக்கிறதா, தனியே இருக்கிறதா என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். வித்தியாசம் சுமார் 4.2 × 10⁻⁹. மாற்றிப் போட்டால் லேஜியோஸ் கணு ஆண்டுக்கு 3,900 மில்லி ஆர்க்செகண்ட் தவறும். கணுக்களைச் சேர்க்கும்போது இது அடிபட்டுப் போய்விடும் என்பது உண்மை. அதனாலேயே பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். தனித்தனிக் கணு எச்சங்களை முதலில் வரைந்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் கோப்பின் தலைப்பில் எந்த மரபு என்று எழுதியிருக்கிறதோ அதைத் தேட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை: லென்சே-தீரிங் விசையை உள்ளே போட்டு முழுக் கணக்கையும் திரும்ப ஓட்டுங்கள். பிறகு அதையே இரண்டு மடங்காக்கி ஓட்டுங்கள். சரிவு ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்த அளவே இறங்க வேண்டும். குறைவாக இறங்கினால் வேறு ஏதோ பொருத்து எண் அதில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருக்கிறது.

லாரெஸ் 2

மாதிரிகளைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட வடிவியலால் வெல்லலாம் என்ற யோசனை பழையது. 1976-இலேயே வான் பாட்டன், எவரிட் இருவரும் துருவப் பாதையில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு கோள்களைப் பரிந்துரைத்தார்கள். 1980-களில் சூஃபோலினி அதைவிட மலிவான வழியைச் சொன்னார்: லேஜியோஸ் ஏற்கெனவே மேலே இருக்கிறது, அதன் சாய்வு 109.84 பாகை. 180-க்கு மீதியான 70.16 பாகையில், அதே உயரத்தில் இன்னொரு கோளம் வையுங்கள். புடைப்பு தரும் கணு நகர்வு சாய்வின் கோசைனைப் பொறுத்தது. இரண்டும் சம அளவில் எதிர்த்திசையில் வரும். ஜே2 மட்டுமல்ல, ஜே4, ஜே6, எல்லா இரட்டைப்படை உறுப்புகளும் ஒரே கூட்டலில் அடிபடும். பெருக்கு எண்ணே தேவையில்லை.

அது நிறைவேற 2022 ஜூலை 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேகா சி ஏவூர்தியின் முதல் பயணத்தில் லாரெஸ் 2 போனது. சுமார் 42 செ.மீ. விட்டம், சுமார் 295 கிலோ நிக்கல் கலவைக் கோளம், 303 சிறு பிரதிபலிப்பான்கள். கண்ணாடிகள் ஓர் அங்குல அளவுக்குச் சிறிதாக இருப்பதால் திரும்பும் துடிப்பு குறைவாகவே கலங்கும். மையத் திருத்தத்தின் சந்தேகமும் குறையும்.

பாதை மிகச் சரியாக விழாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்போம். சாய்வு 0.01 பாகை தவறினால் இரண்டு கணுக்களின் கூட்டில் ஆண்டுக்கு 0.06 பாகை மிஞ்சும், அதாவது 2.2 லட்சம் மில்லி ஆர்க்செகண்ட். பயமாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டியது அந்த எண்ணின் பிழையை மட்டும். மேலே வைத்த அதே 2 × 10⁻⁷ பிழையோடு பெருக்கினால் 0.04. ஆரம் 4 கி.மீ. வித்தியாசப்பட்டால் அதே வழியில் 0.1. தேடும் கூட்டு அளவு 61.4. ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. லேஜியோஸ் தனியாக இருந்தபோது மூன்று மடங்கு பிழை கொடுத்த அதே சி20 இப்போது அசைக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. கே1 அலை மட்டும் இங்கேயும் அடிபடாது. இரண்டு கோள்களுக்கும் 1,050 நாள் சுற்று என்பதால் அதைப் பொருத்தி எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுத் தரவு ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்றுகள் கிடைத்த பிறகே ஆயிரத்தில் ஒன்று, இரண்டு என்ற பேச்சு நிலைக்கும்.

2004-இல் ஏவிய கிராவிட்டி புரோப் பி-யோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியாது. 642 கி.மீ. உயரத்தில், திரவ ஹீலியத்தில் குளிர்ந்த நான்கு கோளச் சுழலிகள். வேறு வழியில் அதே இயற்பியல். எதிர்பார்த்தது ஆண்டுக்கு 39.2 மில்லி ஆர்க்செகண்ட், 2011-இல் வந்த விடை 37.2, பிழை 7.2. கோளங்களின் பரப்பிலும் கூட்டின் பரப்பிலும் சீரற்று ஒட்டியிருந்த மின்னழுத்தத் திட்டுகள் சுழலிகளைத் திருப்பியதுதான் அந்தப் பிழைக்குக் காரணம். ஹீலியம் தீர்ந்ததும் அளவீடு முடிந்தது. லேஜியோஸிலும் லாரெஸ் 2-இலும் தீர்ந்துபோக ஒன்றும் இல்லை. தரையில் லேசர் இருக்கும் வரை தரவு வந்துகொண்டே இருக்கும்.

தாமே முயல நினைப்பவர்களுக்கு: இயல்புப் புள்ளிகள் நாசாவின் சிடிடிஐஎஸ் காப்பகத்திலும் மியூனிக்கில் உள்ள தரவு மையத்திலும் இலவசம். ஓரெகிட் என்ற திறமூல நூலகத்தில் சார்பியலின் மூன்று விசைகளும் தனித்தனியே இருக்கின்றன. லென்சே-தீரிங்கை ஏற்றவும் இறக்கவும் முடியும். கணுவைப் பற்றி யோசிப்பதற்கு முன் லேஜியோஸின் ஏழு நாள் துண்டு ஒன்றை எடுத்துத் தொலைவு எச்சத்தை 2 செ.மீ.க்குக் கீழே கொண்டுவாருங்கள். 5 செ.மீ.யில் நின்றால் பெரும்பாலும் மையத் திருத்தம் அல்லது கடல் ஓதம் நிலத்தை அழுத்தும் சுமை விடுபட்டிருக்கும். மீட்டர் கணக்கில் நின்றால் காற்றுத் திருத்தத்தையும், துருவ நகர்வுக் கோப்பின் தேதியையும் பாருங்கள்.